சிறிய வலைப்பூவில் எதை விற்பது: இடத்தையா, பரிந்துரையையா, இணைப்பையா?

மாதம் சில ஆயிரம் பேர் படிக்கும் தமிழ் வலைப்பூவை வைத்திருப்பவர்கள் ஏதேனும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். டொமைன் புதுப்பிக்கும் செலவாவது கிடைக்கட்டுமே என்று விளம்பரம் போட நினைக்கிறார்கள். போட்டால் கூகுள் தேடலில் பின்னுக்குப் போய்விடுவோமோ என்று அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்தில் பாதி தேவையற்றது. மறுபாதியோ, பட வேண்டிய இடத்தில் படாமல் போகிறது.

விளம்பரம் இருக்கிறது என்பதற்காக மட்டும் தேடுபொறி எந்தத் தளத்தையும் தண்டிப்பதில்லை. விளம்பரம் என்ற பெயரில் வேறொன்றை விற்கும்போதுதான் தண்டனை வருகிறது. ஆகவே, எந்த வழியில் அதிகப் பணம் வரும் என்று கேட்பதற்கு முன், அந்த வழியில் நாம் உண்மையில் எதை விற்கிறோம் என்று கேட்பது நல்லது. பக்கத்தில் ஓர் இடத்தை விற்கலாம். நம் பரிந்துரையை விற்கலாம். இணைக்கப்படும் தளத்துக்கு ஆதரவான வாக்காகத் தேடுபொறி எண்ணும் இணைப்பை விற்கலாம். தளத்தின் பெயரையே வாடகைக்கு விடலாம். இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: கோயம்புத்தூரில் இருந்துகொண்டு மூன்று ஆண்டுகளாக மாடித்தோட்டம் பற்றித் தமிழில் எழுதும் ஒருவர், மாதம் 10,000 பக்கப் பார்வைகள், வாசகர்களில் பெரும்பாலோர் கூகுள் தேடல் வழியே வருபவர்கள்.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல், தேடலில் வரும் ஆபத்து. இதில் மூன்று தனித்தனிச் சங்கதிகள் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. கூகுளின் ஊழியர் ஒருவர் தளத்தைப் பார்த்து, விதிமீறல் என்று முடிவு செய்து எடுக்கும் நடவடிக்கை ஒன்று. இதற்கான அறிவிப்பு, தள உரிமையாளருக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் வந்து நிற்கும். கணினி நிரலே தளத்தின் தரத்தைக் கணக்கிட்டுத் தரவரிசையில் கீழே இறக்குவது இரண்டாவது. இதற்கு எந்த அறிவிப்பும் வராது, வருகை குறைவதைக் கண்டு நாமே ஊகிக்க வேண்டியதுதான். விளம்பர நிறுவனம் நம் கணக்கை மூடிவிடுவது மூன்றாவது. இது வருமானத்தைப் பாதிக்குமே தவிர, தேடுபொறித் தண்டனை அன்று. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸில் கணக்கை இழந்த பலர் "கூகுள் என் தளத்தைத் தடை செய்துவிட்டது" என்று சொல்வது இந்தக் குழப்பத்தினால்தான்.

இரண்டாவது அளவுகோல், பணம் எவ்வளவு என்பதோடு அது எப்போது கைக்கு வரும் என்பதும். மூன்றாவது, முதலில் கண்ணில் படாத செலவுகள். நான்காவதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்: நாளை வேண்டாம் என்று தோன்றினால் எவ்வளவு எளிதாக விலகிக்கொள்ள முடியும்? சில வழிகளில் ஒரு வரியை நீக்கினால் வேலை முடிந்தது. சிலவற்றில் பழைய பதிவுகள் நூறையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

| வழி | விற்பது எது | தேடலில் ஆபத்து | பணம் வரும் வேகம் | விலகுவது |
|---|---|---|---|---|
| ஆட்சென்ஸ் | இடம் | குறைவு. பக்க அமைப்பைக் கெடுத்தால் கூடும் | மெதுவு | மிக எளிது |
| அஃபிலியேட் கமிஷன் | பரிந்துரை | நடுத்தரம்; சொந்தச் சரக்கு இல்லாவிட்டால் அதிகம் | ஒழுங்கற்றது | பதிவுதோறும் திருத்த வேண்டும் |
| உள்ளூர்க் கடை விளம்பரம் | இடம் | மிகக் குறைவு, இணைப்பு இருந்தால் அது விளம்பரம் என்ற குறியீடு இட்டால் | உடனடி | எளிது |
| கட்டண இணைப்புப் பதிவு | தேடுபொறி வாக்கு | மிக அதிகம் | உடனடி | கடினம் |
| தளத்தின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுதல் | பெயர் | மிக அதிகம் | மாதாந்தரம் | கடினம் |

## இடத்தை விற்பது: ஆட்சென்ஸ்

கூகுள் ஆட்சென்ஸ் 2003இல் தொடங்கியது. தமிழ் அதன் ஆதரவு மொழிகளில் சேர்ந்தது 2018 பிப்ரவரியில்தான். குறைந்தபட்ச வருகை இவ்வளவு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்பதால் சிறிய தளங்கள் இயல்பாக முதலில் நாடுவது இதைத்தான்.

தேடல் ஆபத்தைப் பொறுத்தவரை, ஆட்சென்ஸில் சேர்வதால் தரவரிசை ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை என்று கூகுள் தெளிவாகவே சொல்கிறது. அதன் விளம்பரங்களுக்குள் இருக்கும் இணைப்புகள் வாக்காக எண்ணப்படுவதில்லை. ஆனால் விளம்பரத்தை எங்கே, எவ்வளவு வைக்கிறோம் என்பது வேறு கதை. திரையின் மேற்பகுதி முழுவதும் விளம்பரமாக இருந்து, படிக்க வந்த செய்தி கீழே போய்விட்ட பக்கங்களைத் தாழ்த்தும் மாற்றத்தைக் கூகுள் 2012 ஜனவரியில் கொண்டுவந்தது. கைப்பேசியில் தேடலிலிருந்து வந்தவுடன் செய்தியை மறைத்து எழும் பெட்டிகளைக் குறிவைத்த மாற்றம் 2017 ஜனவரியில் வந்தது. 2021 முதல் பக்கம் நடந்துகொள்ளும் விதத்துக்கான அளவீடுகளும் கணக்கில் சேர்ந்தன: முதன்மையான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும்; படித்துக்கொண்டிருக்கும்போது வரிகள் இடம் பெயரும் அளவு 0.1க்குள் இருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதில்தான் சிறிய தளங்கள் வழுக்குகின்றன. "தானியங்கி விளம்பரங்கள்" என்ற பொத்தானை அழுத்திவிட்டு மறந்துவிட்டால், இரண்டாம் பத்தியைப் படிக்கும்போது திடீரென மேலே ஒரு விளம்பரம் புகுந்து, படித்த வரி கைப்பேசித் திரையை விட்டே ஓடிவிடும். விளம்பரம் வரும் இடத்துக்கு முன்கூட்டியே உயரம் ஒதுக்கி வைத்து, ஒரு பதிவுக்கு இரண்டு அல்லது மூன்று இடங்களைக் கையாலேயே தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். தானியங்கியை விட்டுக் கையால் வைப்பதால் வருமானம் சற்றுக் குறையலாம். அந்த இழப்பை ஏற்றுக்கொள்வதே அறிவு.

பணக் கணக்கு பெரிய உற்சாகம் தராது. 1000 பார்வைக்கு அரை டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், நம் மாடித்தோட்டக்காரருக்கு மாதம் 5 டாலர் சேரும். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் ஆட்சென்ஸ் பணம் அனுப்பும். அதாவது முதல் பணம் கைக்கு வர 20 மாதங்கள். இடையில் 10 டாலரை எட்டியதும் முகவரியைச் சரிபார்க்க அஞ்சலில் ஒரு ரகசிய எண் வரும். அது தபாலில் தொலைந்துபோய் மீண்டும் கேட்டு வாங்குவது தனிப் பொறுமை.

மறைந்திருக்கும் செலவுகளில் மூன்றைச் சொல்ல வேண்டும். முதலாவது, பொய்ச் சொடுக்குகள். மனைவியோ மைத்துனரோ உதவுவதாக எண்ணி நாள்தோறும் விளம்பரத்தைத் தட்டினால் கணக்கு மூடப்படலாம். சேர்ந்த பணமும் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். இரண்டாவது, ஐரோப்பிய வாசகர்கள். தமிழ்த் தளங்களுக்கு லண்டன், பாரிஸ், ஓஸ்லோ போன்ற நகரங்களிலிருந்து வாசகர்கள் வருவது இயல்பு. 2024 ஜனவரி முதல், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலும் பிரிட்டனிலும் உள்ளவர்களுக்கு அவரவர் விருப்பத்துக்கேற்ற விளம்பரங்களைக் காட்ட வேண்டுமானால், வாசகரின் தரவைப் பயன்படுத்த அனுமதி கேட்கும், கூகுள் சான்றளித்த ஒப்புதல் பெட்டி ஒன்று தளத்தில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால், ஒப்பீட்டளவில் நல்ல விலை தரும் அந்தப் பார்வைகளின் வருமானம் குறையும். மூன்றாவது, என்ன விளம்பரம் வரும் என்பது நம் கையில் முழுமையாக இல்லை. மண்புழு உரம் பற்றிய பதிவின் நடுவே உடனடிக் கடன் செயலி வந்து உட்காரும். வேண்டாத வகைகளை அமைப்புகளில் தடுக்கலாம். ஒருமுறை தடுத்தால் போதாது, அவ்வப்போது பார்க்க வேண்டும்.

வருமானம் இப்படிச் சொட்டுச் சொட்டாக வருவதனால், பதிவுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் பார்வை கூடும் என்ற ஆசை பிறக்கிறது. ஆங்கிலக் கட்டுரைகளை இயந்திரத்தில் மொழிபெயர்த்து நாளொன்றுக்குப் பத்துப் பதிவுகள் ஏற்றுவது இப்போது எளிது. 2024 மார்ச்சில் கூகுள் வெளியிட்ட விதிகளில், வாசகருக்குப் பயன் சேர்க்காமல் தரவரிசைக்காகப் பெருமளவில் பக்கங்களை உற்பத்தி செய்வது, அவற்றை மனிதர் செய்தாலும் இயந்திரம் செய்தாலும், விதிமீறல் என்று சேர்க்கப்பட்டுள்ளது. இப்படிச் சிக்கியவர் விளம்பரத்தைக் குறை சொல்வார். காரணம் விளம்பரத்தில் இல்லை.

## பரிந்துரையை விற்பது: அஃபிலியேட் கமிஷன்

நம் இணைப்பின் வழியே சென்று ஒருவர் பொருள் வாங்கினால் நமக்கு ஒரு பங்கு. அமேசான் 1996 முதல் நடத்திவரும் இந்த ஏற்பாடு இன்று பல நிறுவனங்களில் உண்டு.

கமிஷன் இணைப்பு வைப்பது தேடுபொறி விதிக்கு எதிரானது அன்று. அதை அப்படியென்று குறிக்காமல் விடுவதுதான் எதிரானது. அத்தகைய இணைப்புகளுக்கு, பணத் தொடர்புள்ளது என்று தேடுபொறிக்குச் சொல்லும் "ஸ்பான்சர்டு" என்ற குறியீட்டைச் சேர்க்க வேண்டும் என்பது 2019 செப்டம்பரில் வந்த நடைமுறை. இந்த இணைப்பை வாக்காக எண்ண வேண்டாம் என்று சொல்லும், 2005 முதல் இருக்கும் "நோஃபாலோ" குறியீடும் ஏற்கத்தக்கதே. கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாகரில் இணைப்புச் சேர்க்கும் பெட்டியிலேயே நோஃபாலோவுக்கான கட்டம் இருக்கிறது. ஒரு தட்டில் வேலை முடிந்துவிடும்.

உண்மையான ஆபத்து குறியீட்டில் இல்லை, சரக்கில் இருக்கிறது. கடைக்காரர் எழுதிய விவரக் குறிப்பையே தமிழில் மாற்றி எழுதி, "சிறந்த 10 தெளிப்பான்கள்" என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் கீழும் வாங்கும் பொத்தானை வைக்கும் பக்கத்தைக் கூகுளின் விதிகள் தனியாகப் பெயரிட்டுக் குறிக்கின்றன. அதில் சொந்தமாக எதுவும் இல்லை என்பதே குற்றம். பொருள் மதிப்புரைகளின் தரத்தை எடைபோடும் மாற்றங்கள் 2021 ஏப்ரலில் ஆங்கிலப் பக்கங்களில் தொடங்கின. அவை தேடுவதெல்லாம் எழுதியவர் பொருளைக் கையால் தொட்டாரா என்பதற்கான சான்றுகளைத்தான்: தாமே எடுத்த படம், அளந்து சொன்ன எண், மற்றொன்றோடு ஒப்பிட்டுக் கண்ட குறை. "இந்தத் தெளிப்பானின் மூக்கு நான்கு மாதத்தில் அடைத்துக்கொண்டது, வேப்பெண்ணெய்க் கரைசலை வடிகட்டாமல் ஊற்றியதுதான் காரணம்" என்ற ஒரு வரி, எந்தப் பட்டியலையும் விட மேலானது.

வருமானத்தை இப்படிப் பாருங்கள். 500 ரூபாய்த் தெளிப்பானுக்கு 5 சதவீதம் கமிஷன் என்று கொண்டால் 25 ரூபாய். மாதம் 20 பேர் வாங்கினால் 500 ரூபாய். மேலே சொன்ன ஆட்சென்ஸ் கணக்கோடு ஏறத்தாழச் சமம். வேறுபாடு, இது மழைக்காலத்தில் ஒன்றும் இல்லாமலும் ஆடிப்பட்டத்தில் கொட்டியும் வரும். அமேசானில் இணைப்பைத் தட்டியவர் 24 மணி நேரத்துக்குள் கூடையில் போட வேண்டும். "மாசக் கடைசியில வாங்கிக்கலாம்" என்று தள்ளிப்போடும் வாசகரால் நமக்கு ஒன்றும் வராது.

மறைந்த செலவு, பராமரிப்பு. பொருள் விற்பனையிலிருந்து போய்விடும், இணைப்பு செத்துவிடும், அமேசான் பொருளின் விலையைப் பதிவில் நம் கையால் எழுதி வைப்பது அவர்கள் விதிக்கே மாறானது. கமிஷன் பெறுவதை வாசகரிடம் சொல்லவும் வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் வகுத்த நெறிகளும், நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியும், பணமோ பிற ஆதாயமோ சார்ந்த தொடர்பு இருந்தால் அதை வாசகருக்குப் புரியும் வகையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. பதிவின் தலையிலேயே ஒரு வரி தமிழில் எழுதிவிட்டால் போதும். பக்கத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் சிறிய எழுத்தில் எழுதுவது சொல்லாமல் இருப்பதற்குச் சமம்.

எண்ணில் அடங்காத ஒரு செலவும் உண்டு. கமிஷன் வரத் தொடங்கியதும், விலையில்லாத தீர்வுகளைப் பற்றி எழுதும் கை தயங்கத் தொடங்கும். பழைய எண்ணெய் டின்னிலேயே தக்காளி நன்றாக வரும் என்பதை அறிந்தவர், செடிப் பைக்கு இணைப்புக் கொடுக்கிறார். அந்தத் தயக்கம் தெரியும் நாளில், இந்த வழியைச் சில மாதம் நிறுத்திவைக்கலாம்.

## உள்ளூர்க் கடைக்கு நேரடியாக இடம் தருவது

தமிழ் வலைப்பூக்களில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் வழி இது. என் கணிப்பில் சிறிய, ஊர் சார்ந்த தளங்களுக்கு மிகப் பொருத்தமானதும் இதுவே. நாற்றுப் பண்ணையோ விதைக் கடையோ மாதம் 1,000 ரூபாய் கொடுத்து ஒரு படத்தை வைத்துக்கொண்டாலே, ஆட்சென்ஸ் கணக்கைவிட இரு மடங்குக்கும் மேல். பணம் யுபிஐயில் முன்கூட்டியே வந்துவிடும்.

படத்துக்குப் பின்னால் இருக்கும் இணைப்பில் ஸ்பான்சர்டு குறியீட்டைச் சேர்த்துவிட்டால் தேடல் ஆபத்து அநேகமாக இல்லை. படம் நம் தளத்திலேயே இருப்பதால் பக்கம் வேகமாகத் திறக்கும். வாசகரைப் பின்தொடரும் நிரல் எதுவும் இல்லாததால் அந்த விளம்பரத்துக்காக ஒப்புதல் பெட்டி வைக்கும் தேவையும் எழாது. பெரும்பாலான கடைகளுக்கு வலைத்தளமே கிடையாது. வாட்ஸாப் எண்ணும் முகவரியும் போட்டால் போதும் என்பார்கள், அப்போது இணைப்பு என்ற பேச்சே எழாது. ஆட்சென்ஸோடு சேர்த்தும் இதை வைத்துக்கொள்ளலாம், அதன் விளம்பரம் போலவே தோற்றம் தராத வரை.

செலவு, கேட்கும் கூச்சம். கடைக்காரரிடம் போய் நின்று, மாதம் எத்தனை பேர் படிக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் கோவைப் பக்கம் என்று காட்டிப் பேச வேண்டும். மூன்றாம் மாதம் பணத்தை நினைவூட்ட வேண்டும். அந்தக் கடையில் வாங்கிய கன்று காய்க்காவிட்டால் வாசகர் கேள்வி கேட்பது கடைக்காரரை அன்று, நம்மை. பணத்துக்குப் பதில் பொருளாகத் தரும் கடைகளும் உண்டு, அதுவும் வருமானமே. 2022 ஜூலை முதல், தொழில் சார்ந்து பெறும் இத்தகைய ஆதாயம் ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வரிப் பிடித்தம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. சிறிய தளங்கள் அந்த எல்லையைத் தொடுவது அரிது, எனினும் வாங்கியதைக் குறித்துவைப்பது நல்லது.

## இணைப்பை விற்பது: கட்டணப் பதிவுகள்

தளம் ஓராண்டைக் கடந்ததும் மடல்கள் வரத் தொடங்கும். உங்கள் அருமையான தளத்தில் ஒரு விருந்தினர் பதிவு வெளியிட விரும்புகிறோம், கட்டுரையை நாங்களே தருகிறோம், உடனே பணம், இணைப்பு நிரந்தரம், நோஃபாலோ கூடாது. தமிழே தெரியாத ஒருவர் எழுதிய மடலில் மாடித்தோட்டப் பதிவுகளின் அருமை எப்படித் தெரிந்தது என்று எனக்குப் பலமுறை வியப்பு வந்ததுண்டு.

அந்த மடலில் உள்ள உண்மையான சொல் "நோஃபாலோ கூடாது" என்பதுதான். அவர்களுக்கு நம் வாசகர்கள் தேவையில்லை. ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இணைப்பைத் தேடுபொறி ஒரு வாக்காக எண்ணுகிறது. அந்த வாக்கை அவர்கள் விலைக்குக் கேட்கிறார்கள். கூகுளின் விதிகள் மிகத் தெளிவாகத் தடுப்பது இதைத்தான். அதன் கடுமையைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும்: 2012 ஜனவரியில் கூகுள் குரோம் உலவிக்காக நடந்த கட்டணப் பதிவு விளம்பரத்தில், ஒரு பதிவில் குறியீடு இல்லாத இணைப்பு இருந்தது தெரியவந்தபோது, கூகுள் தன் சொந்த குரோம் பக்கத்தையே குறைந்தது 60 நாட்களுக்குத் தேடலில் கீழே இறக்கியது. சிறியவர்கள் கண்ணில் படமாட்டார்கள் என்று எண்ணவும் வேண்டாம். இலவசப் பொருள் பெற்று மதிப்புரை எழுதும் வலைப்பதிவர்களுக்கு 2016 மார்ச்சில் கூகுள் எச்சரிக்கை வெளியிட்டது; அடுத்த மாதமே அத்தகைய தளங்களுக்கு, "உங்கள் தளத்திலிருந்து செல்லும் இயல்பற்ற இணைப்புகள்" என்ற தலைப்பில் அறிவிப்புகள் போயின.

இதிலும் ஒரு நேர்மையான வடிவம் உண்டு. ஒரு நிறுவனம் நம் வாசகர்களைச் சென்றடையவே விரும்பினால், பதிவின் தலையில் "விளம்பரம்" என்று எழுதி, இணைப்பில் ஸ்பான்சர்டு குறியீட்டை இட்டு வெளியிடலாம், அதற்குத் தடையில்லை. பிரித்தறிய ஒரே கேள்வி போதும்: குறியீடு போடுவேன், சம்மதமா? வந்த மடல்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியோடு மறைந்துவிடும். சம்மதிப்பவர்களோடு தாராளமாகப் பேசலாம்.

## பெயரை வாடகைக்கு விடுவது

தளத்தின் ஒரு பகுதியை வேறொருவரிடம் கொடுத்து, அவர் கூப்பன்களோ கடன் ஒப்பீடுகளோ ஏற்றிக்கொள்ள, மாத வாடகை வாங்கும் ஏற்பாடு இது. தளம் சேர்த்த நற்பெயரை வைத்து அவர் பக்கங்கள் மேலே வரும் என்பது கணக்கு. 2024 மே மாதம் முதல் கூகுள் இதைத் தனி விதிமீறலாகவே நடத்துகிறது. பெரிய செய்தித் தளங்களே இதில் அடிபட்டன. நம் அளவில் யோசிக்கவே தேவையில்லாத வழி.

## எந்த நிலையில் எது

பதிவுகள் முப்பதுக்கும் குறைவாக, வருகை நாளுக்கு ஐம்பதைத் தாண்டாத நிலையில் எதுவும் வேண்டாம் என்பேன். அந்தக் கட்டத்தில் ஆட்சென்ஸுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டு, அதற்காகப் பக்கங்களை ஊதிப் பெருக்குவதுதான் நடக்கிறது.

வாசகர்கள் உலகெங்கும் சிதறி, ஒருவரோடொருவர் வாங்கும் பழக்கத்தில் ஒற்றுமை இல்லாத இலக்கியம், வரலாறு, மொழி போன்ற பொருள்களில் எழுதுபவருக்கு ஆட்சென்ஸ்தான் பொருந்தும். அவரிடம் வாங்கச் சொல்லிக் காட்டப் பெரிதாகப் பொருள் இல்லை. கேமரா, தையல் எந்திரம், சமையல் பாத்திரம் என்று பொருளைத் தாமே வாங்கிப் பிரித்துப் பார்த்து எழுதுபவருக்கு அஃபிலியேட் நியாயமான கூலி. மாடித்தோட்டம், ஊர் உணவகங்கள், உள்ளூர்ப் பயிற்சி வகுப்புகள் என்று ஒரு வட்டாரத்தைச் சார்ந்து எழுதுபவருக்கு நேரடி விளம்பரம். நம் கோவை நண்பர் இரண்டு நாற்றுப் பண்ணைகளை நேரடியாகப் பிடித்துக்கொண்டு, தாம் உண்மையில் பயன்படுத்தும் நான்கைந்து கருவிகளுக்கு மட்டும் கமிஷன் இணைப்பு வைத்து, ஆட்சென்ஸை ஒத்திப்போட்டால் நன்றாகவே இருக்கும்.

## ஏற்கெனவே இணைப்பு விற்றிருந்தால்

அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பணம் வாங்கி வெளியிட்ட பதிவுகளைப் பட்டியலிட்டு, இணைப்புகளை நீக்குங்கள் அல்லது நோஃபாலோ இடுங்கள். நிரந்தரம் என்று வாக்குக் கொடுத்திருந்தால், பணத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தர நேரிடலாம். இந்த வழியின் மறைந்த செலவு அதுவே. சர்ச் கன்சோலில் அறிவிப்பு வந்துவிட்டிருந்தால், திருத்தி முடித்த பிறகு மறுபரிசீலனைக் கோரிக்கை அனுப்ப வேண்டும். அதில் எந்தெந்தப் பதிவுகள், என்ன செய்தீர்கள் என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். பாதியைத் திருத்திவிட்டு அனுப்பினால் கோரிக்கை திரும்பிவரும். பதில் வரச் சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். அதுவரை மடல்கள் வந்துகொண்டுதான் இருக்கும்.